கிட் லென்ஸுக்கு அடுத்து எதை வாங்குவது?

மயிலாடுதுறையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கையில் கேனன் 200டி மார்க் 2, அதோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸ், அதாவது கிட் லென்ஸ். வரும் தை மாதம் மகளுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம். ஊர்த் திருவிழாக்களை விடாமல் படமெடுக்கிறார், வருடத்துக்கு ஒருமுறை வேடந்தாங்கல் போகிறார். ஒதுக்கியிருப்பது முப்பதாயிரம் ரூபாய். கடையில் 75-300 வாங்கச் சொல்கிறார்கள். நண்பர் 18-200 ஒன்று இருந்தால் எல்லாவற்றுக்கும் போதும் என்கிறார். யூவி ஃபில்டர், வைட் கன்வெர்ட்டர், துடைக்கும் துணி எல்லாம் சேர்ந்த ஒரு செட்டையும் காட்டியிருக்கிறார்கள். எதை வாங்குவது என்பதுதான் கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போதே 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸைப் புதிதாக வாங்குங்கள் (எஸ்டிஎம் என்பது கேனனின் ஒரு வகை ஃபோகஸ் மோட்டார்). மிச்சப் பணத்தில், நன்றாகப் பார்த்து, ஒரு பழைய 55-250 எஸ்டிஎம் வாங்குங்கள். இரண்டுக்கும் ஹூட், அதாவது லென்ஸ் முனையில் மாட்டும் வளையம். லென்ஸ்களை வைக்கக் காற்றுப் புகாத டப்பா ஒன்று. கடைக்காரர் காட்டிய செட் வேண்டாம். 75-300 வேண்டாம். 18-200ஐயும் உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். ஏன் என்று இனி விரிவாகச் சொல்கிறேன்.

லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "எவ்வளவு தூரம் இழுக்கும்?" என்பதுதான். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு இரண்டு கேள்விகள். நீங்கள் எங்கே நிற்பீர்கள்? அங்கே எவ்வளவு வெளிச்சம் இருக்கும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் லென்ஸ் கிட்டத்தட்டத் தானாகவே முடிவாகிவிடும்.

நிற்கும் இடத்துக்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. உங்கள் கேமராவில் படம் விழும் சில்லு, அதாவது சென்சார், ஏறத்தாழ 22.3 மி.மீ. நீளம், 14.9 மி.மீ. அகலம். எடுக்க வேண்டிய காட்சியின் உயரத்தை மீட்டரில் எடுத்து, லென்ஸின் மி.மீ. எண்ணால் பெருக்கி, 22.3ஆல் வகுத்தால், கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து அந்தக் காட்சியை முழுதாக அடக்க எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது கிடைக்கும். கேமராவைப் படுக்கையாகப் பிடித்தால் 14.9ஆல் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். இதை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் யார் என்ன சொன்னாலும் இந்தக் கணக்கு உங்களைக் காப்பாற்றும்.

அரங்கேற்றத்தையே எடுத்துக்கொள்வோம். ஆடுகிற பெண்ணின் உயரம், தூக்கிய கை, காலுக்குக் கீழே கொஞ்சம் தரை, எல்லாம் சேர்த்து 2.2 மீட்டர் என்று வையுங்கள். 50 மி.மீ. லென்ஸில் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 5 மீட்டர். அதாவது மேடைக்குக் கீழே, முதல் வரிசைக்கும் முன்னால், ஓரமாகத் தரையில் உட்காரும் இடம். பெண்ணின் அப்பா என்பதால் அந்த இடம் உங்களுக்குக் கிடைக்கும். கிடைக்காது, மூன்றாவது நான்காவது வரிசையில்தான் உட்கார வேண்டும் என்றால் தூரம் எட்டு மீட்டரைத் தாண்டும். அங்கே 85 மி.மீ. எஃப் 1.8தான் சரியான லென்ஸ். அது 50ஐ விடப் பல மடங்கு விலை, வாங்கினால் உங்கள் பட்ஜெட் அதிலேயே போய்விடும். அதனால் முதலில் மண்டபத்துக்குப் போய் இடத்தைப் பாருங்கள். அடிகளால் எண்ணினாலும் போதும்.

அடுத்தது வெளிச்சம். உங்கள் 18-55ஐ 55க்கு இழுத்தால் அது திறக்கக்கூடிய அதிகபட்ச அபர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் திறப்பு, எஃப் 5.6. இந்த எண் சிறிதாக இருந்தால் திறப்பு பெரிது. 50 மி.மீ. லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும். எண்ணில் பார்த்தால் சின்ன வித்தியாசமாகத் தெரியும். ஆனால் உள்ளே வரும் வெளிச்சம் அந்த எண்களின் வர்க்கக் கணக்கில் போகிறது: 5.6ஐ 1.8ஆல் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்குங்கள். ஏறத்தாழ பத்து. ஒரே மேடை, ஒரே விளக்கு, பத்து மடங்கு வெளிச்சம். கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா கூட்டிக்காட்டும் அளவு) 12,800 கேட்கிற மேடை, இந்த லென்ஸில் 1,300ஐ ஒட்டி நின்றுவிடும். 12,800இல் முகத்தில் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாக வரும், பட்டுப் புடவையின் கரைகூடக் கலங்கிப்போகும். 1,300இல் உங்கள் கேமரா சுத்தமான படம் தரும்.

இந்த இடத்தில் பலர், "என் கிட் லென்ஸில் நடுக்கம் தடுக்கும் வசதி இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, நல்ல வசதிதான். ஆனால் அது தடுப்பது உங்கள் கையின் நடுக்கத்தை. ஆடுகிறவரின் அசைவை அதனால் நிறுத்த முடியாது. அதற்கு ஷட்டர் வேகம்தான் வேண்டும். நாட்டியத்துக்கு 1/250 நொடி அல்லது அதைவிட வேகம், ஜதி வேகமாகப் போகும்போது 1/500. 50 எஃப் 1.8இல் அந்த நடுக்கத் தடுப்பு கிடையாது. ஆனால் 1/250க்கு மேல் எடுக்கும்போது அது இல்லாத குறை தெரியாது.

அதற்காக முழு நிகழ்ச்சியையும் 1.8லேயே வைத்து எடுக்காதீர்கள். ஐந்து மீட்டர் தூரத்தில் அந்த அபர்ச்சரில் தெளிவாக விழும் ஆழம் இரண்டடியைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. முகம் கூர்மையாக இருக்கும், முன்னால் நீட்டிய கையின் முத்திரை மங்கிவிடும். எஃப் 2.2 அல்லது 2.5இல் வைத்தால் இரண்டும் கிடைக்கும், படமும் ஒரு படி கூர்மையாகும். வீட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் முகத்தை எடுக்கும்போது 1.8 இன்னும் கறார்: ஆழம் இரண்டரை சென்டிமீட்டர்தான். ஒரு கண் தெளிவு, மறு கண் மங்கல் என்று வரும்.

நாட்டியத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒன்று சொல்லாமலே தெரியும். தீர்மானம் என்கிற அடவுக் கோவை முடிகிற இடத்தில் ஒரு கணம் எல்லாம் நிற்கும். அரைமண்டியும் கண்ணும் கையும் தாளத்தோடு சேர்ந்து நிலைக்கும் கணம் அது. உங்கள் மகளின் ஒத்திகைகளை இத்தனை மாதம் கேட்டிருக்கிறீர்கள். அந்த இடங்கள் உங்கள் காதில் இருக்கும். வாடகைக்கு வரும் எந்தப் புகைப்படக்காரருக்கும் இல்லாத பலம் இது. எவ்வளவு விலை கொடுத்தாலும் லென்ஸில் வராது. ஃபிளாஷ் மட்டும் போடவே போடாதீர்கள். ஆடுகிறவரின் கண்ணைக் கூசச் செய்யும், மேடை விளக்கின் நிறத்தையும் கொன்றுவிடும்.

சரி, வேடந்தாங்கல். கரையில் நிற்கிறோம், மரங்கள் ஏரிக்குள். சுமார் ஒரு மீட்டர் உயரமுள்ள சங்குவளை நாரை 60 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். 250 மி.மீ. லென்ஸில் அது சென்சார்மேல் நாலு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக விழும். படுக்கைப் படத்தின் உயரத்தில் கால்பங்கு. கூட்டோடும் கிளையோடும் சேர்த்து, நாரை தன் இடத்தில் வாழ்வதைக் காட்ட இது அருமையான அளவு. நாரை மட்டும் படத்தைப் பெரும்பாலும் நிறைக்க இது போதாது. அதற்கு 600 மி.மீ. லென்ஸ் வேண்டும், அந்த வகை 150-600 லென்ஸ்களின் விலை உங்கள் பட்ஜெட்டுக்கு மேல், எடையும் இரண்டு கிலோவை ஒட்டி. வருடத்துக்கு ஒருநாள் போகிற இடத்துக்காக அதை வாங்க வேண்டாம் என்பேன். வேண்டுமானால் அந்த ஒருநாளைக்கு வாடகைக்கு எடுங்கள்.

55-250இல் மூன்று தலைமுறை உண்டு. முதலில் ஐஎஸ் (நடுக்கத் தடுப்புக்குக் கேனன் வைத்த பெயர்), பிறகு ஐஎஸ் 2, 2013இல் ஐஎஸ் எஸ்டிஎம். பழையதாக வாங்கும்போது பெயரில் எஸ்டிஎம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஃபோகஸ் வேகமாகவும் சத்தமில்லாமலும் நடக்கும், 250இல் கூர்மையும் நன்றாக இருக்கும், எடை 375 கிராம்தான். கடையில் சொன்ன 75-300 எஃப் 4-5.6 மூன்றாம் பதிப்பில் மி.மீ. எண் பெரிதாக இருக்கிறது, ஆனால் நடுக்கத் தடுப்பு இல்லை. உங்கள் கேமராவில் 300 மி.மீ. என்பது ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார் உள்ள கேமரா) கணக்கில் 480க்குச் சமம். அதைக் கையில் பிடித்து நடுங்காமல் எடுக்கக் குறைந்தது 1/500 வேண்டும். காலை ஆறரை மணி வெளிச்சத்தில் அது எளிதல்ல. 300இல் படமும் மென்மையாகவே வரும். 50 மி.மீ. அதிகம் கிடைக்கிறது என்று நினைத்து அதைவிட அதிகமாக இழப்போம்.

நண்பர் சொன்ன 18-200 கெட்ட லென்ஸ் இல்லை. பயணத்தில் லென்ஸ் மாற்ற முடியாதவர்களுக்கு அது வரம். ஆனால் உங்களுக்கு வேண்டியது மேடை வெளிச்சம். அதில் 200இல் அதே எஃப் 5.6தான். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் 18-55ஐயே மறுபடி பணம் கொடுத்து வாங்கியது போலவும் ஆகும்.

நீண்ட லென்ஸைப் பற்றி இன்னும் ஒன்று. காலை ஒன்பதரை பத்துக்கு மேல் ஏரியின்மேல் கானல் எழுந்துவிடும். அப்புறம் எவ்வளவு விலையுள்ள லென்ஸாக இருந்தாலும் தூரத்துப் பறவை தண்ணீருக்கு அடியில் இருப்பது போல அலையும். லென்ஸ் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாள் விடியலில் போய் அதே பறவையை எடுத்துப் பாருங்கள்.

கோயில், கோபுரம் என்றதும் வைட் லென்ஸ் வேண்டாமா என்ற கேள்வி வரும். இதற்கும் அதே கணக்கு, ஒரு சின்ன மாற்றத்தோடு. கேமராவை மேலே சாய்த்தால் கோபுரம் பின்னால் சாய்ந்து விழுவது போல வரும். நேராகப் பிடித்தால் படத்தின் மேல்பாதி மட்டும்தான் கோபுரத்துக்கு. அதனால் தூரம் இரட்டிப்பாகும். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி என்பார்கள், ஏறத்தாழ 66 மீட்டர். 18 மி.மீ. லென்ஸில் சாய்க்காமல் முழுதாக அடக்க ஏறத்தாழ 106 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். திருச்சுற்றின் நீளம் சுமார் 240 மீட்டர், அகலம் 120. ஆக, கிழக்கே நந்திப் பக்கம் பின்னால் போக இடம் இருக்கிறது. தெற்கு, வடக்குப் பக்கங்களில் விமானத்தின் நடு அச்சிலிருந்து 60 மீட்டரிலேயே சுற்றாலை (சுற்று மண்டபம்) வந்துவிடும். அங்கே 10 மி.மீ. லென்ஸ் இருந்தால்தான் சாய்க்காமல் எடுக்க முடியும். கேனனின் 10-18 அதற்கு நல்லது, விலையும் நியாயம். ஆனால் உங்களுக்கு இப்போது அவசரமில்லை. மூலையில் போய் நின்றால் குறுக்கே தூரம் கூடும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து மூன்று படம் எடுத்து ஒட்டலாம், சாய்ந்த கோட்டைக் கணினியில் நிமிர்த்தலாம். இப்படி ஒரு வருடம் எடுத்துப் பார்த்த பிறகும் இடம் போதவில்லை என்று தோன்றினால் 10-18 வாங்குங்கள்.

தேரோட்டம், ஐப்பசியில் துலாக் கட்டத்துக் கடைமுகத் தீர்த்தவாரி இவற்றுக்கெல்லாம் உங்கள் 18-55ஏ போதும். கூட்டத்துக்குள் நிற்கும்போது 18 முதல் 35 வரையில்தான் வேலை. ஐப்பசி என்றால் மழை நிச்சயம். நான் சொன்ன லென்ஸ்கள் எதற்கும் மழைக்காப்பு கிடையாது. ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பையில் லென்ஸ் முனை அளவுக்கு ஓட்டை போட்டு, ஹூட்டைச் சுற்றி ரப்பர் பேண்டு மாட்டிவிடுங்கள். நான் பல வருடம் அப்படித்தான் எடுக்கிறேன்.

இனித் துணைப்பொருள்கள். கடைகளில் அதிகம் விற்பது யூவி ஃபில்டர். ஃபிலிம் காலத்தில் புற ஊதாக் கதிர் படத்தை நீலமாக மங்கலாக்கியது, அப்போது அதற்கு வேலை இருந்தது. டிஜிட்டல் சென்சாருக்கு முன்னாலேயே அதைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது. இப்போது அது வெறும் பாதுகாப்புக் கண்ணாடி. விலை மலிந்த கண்ணாடியாக இருந்தால் இரவில் கெடுதலே செய்யும்: தீபத்தையோ மேடை விளக்கையோ எடுக்கும்போது அதே விளக்கு தலைகீழாக, பச்சைப் பேய் போல இன்னொரு இடத்தில் தெரியும். பூம்புகார், தரங்கம்பாடி என்று கடற்கரையில் எடுக்கும்போது உப்புத் துளிக்காக ஒன்று மாட்டிக்கொள்ளலாம், நல்ல பூச்சுள்ளதாக. மற்ற நேரம் கழற்றிவிடுங்கள். லென்ஸைக் காப்பது ஹூட்டின் வேலை. பக்கவாட்டு வெளிச்சத்தைத் தடுத்துப் படத்தின் அழுத்தத்தைக் கூட்டும். கீழே விழுந்தால் முதலில் அடி வாங்குவதும் அதுதான். 50 எஸ்டிஎம்முக்கு இஎஸ்-68, 55-250 எஸ்டிஎம்முக்கு இடி-63 என்ற எண்ணில் கேளுங்கள்.

ஃபில்டரில் கணினியால் ஈடு செய்ய முடியாத ஒன்று போலரைசர். வட்ட வகை, சிபிஎல் என்று கேளுங்கள். இலை, தண்ணீர், ஈரக் கல் இவற்றின் மினுமினுப்பை அது உறிஞ்சிவிடும், வயலின் பச்சை அடியிலிருந்து எழுந்து வரும். குளத்துத் தண்ணீரில் அதன் பலன் ஒரு குறிப்பிட்ட கோணத்தில்தான் உச்சம்: தண்ணீர் மட்டத்திலிருந்து உங்கள் கண் இருக்கும் உயரத்தைப் போல ஒன்றே கால் மடங்குக்குச் சற்று அதிகமான தூரத்தில். படிக்கட்டில் நின்று ஃபில்டரைத் திருப்பிப் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் மீன் தெரியும். வானத்தில் சூரியனுக்குச் செங்கோணத் திசையில் நீலம் அதிகம் அடர்த்தியாகும். வெளிச்சத்தில் ஒன்றரை இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) குறையும் என்பதால் மாலைக்குப் பிறகு கழற்றிவிட வேண்டும். உங்கள் 18-55 எஸ்டிஎம், 55-250 எஸ்டிஎம் இரண்டுக்கும் முன்வாய் 58 மி.மீ.; ஒரே சிபிஎல் இரண்டிலும் பொருந்தும். 50க்கு 49 மி.மீ. என்பதால் ஒரு ஸ்டெப்-அப் வளையம் வாங்கி அதையே மாட்டலாம், அப்போது ஹூட் மட்டும் போட முடியாது. லென்ஸ் முனையில் வட்டத்தில் கோடு போட்ட குறிக்குப் பக்கத்தில் இருப்பதுதான் இந்த முன்வாய் அளவு. குவியத் தூரத்தோடு, அதாவது 50, 18-55 போன்ற லென்ஸின் பெயர் எண்ணோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முன்னால் திருகி மாட்டும் வைட் கன்வெர்ட்டர், டெலி கன்வெர்ட்டர் இரண்டையும் தொடவே வேண்டாம். ஓரமெல்லாம் கரைந்துபோகும். பூ, பூச்சி எடுக்க ஆசை வந்தால் 50 மி.மீ. லென்ஸோடு எக்ஸ்டென்ஷன் ட்யூப் வாங்குங்கள். உள்ளே கண்ணாடியே கிடையாது, வெறும் குழாய். 36 மி.மீ. குழாய் மாட்டினால் ஏறத்தாழ உண்மை அளவுக்கே பொருள் சென்சாரில் விழும். மின்தொடர்புப் புள்ளிகள் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் கேனனில் அபர்ச்சரை மாற்ற முடியாது.

நம் ஊர்க் காற்றில் லென்ஸுக்குப் பெரிய எதிரி பூஞ்சை. எனக்கு நடந்தது இது. நன்றாக இருந்த ஒரு பழைய 50 மி.மீ. லென்ஸைத் தோல் உறையில் போட்டு பீரோவுக்குள் இரண்டு மழைக்காலம் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தபோது உள் கண்ணாடியில் சிலந்தி வலை போல நரம்பு நரம்பாகப் படர்ந்திருந்தது. பிரித்துத் துடைத்தும், பூச்சை அது அரித்த தடம் போகவில்லை. இருட்டு, ஈரம், அசையாத காற்று, விரல் பட்ட எண்ணெய்ப் பசை, இவைதான் அதற்குத் தீனி. தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அதனால் ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத டப்பா ஒன்று, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40 முதல் 50 சதவீதம் நல்லது. 60ஐத் தாண்ட விடாதீர்கள், 30க்குக் கீழேயும் வேண்டாம். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன என்று பொருள், சூடாக்கினால் மறுபடி நீலமாகும். அந்த நீல நிறத்துக்குக் கோபால்ட் உப்பு சேர்த்திருப்பார்கள், சமையல் பாத்திரத்தில் சூடாக்கக் கூடாது. ஆரஞ்சு மணி கிடைத்தால் அதையே வாங்குங்கள். அரிசிக்குள் புதைத்து வைப்பதும் வேண்டாம், மாவுத் தூசி உள்ளே போகும். வாரம் ஒருமுறையாவது லென்ஸை எடுத்து வெளிச்சத்தில் நாலு படம் எடுங்கள். ஏசி காரிலிருந்தோ மண்டபத்திலிருந்தோ வெளியே வரும்போது கேமராவைப் பைக்குள்ளேயே மூடி இருபது நிமிடம் விடுங்கள். குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்று பட்டால் உடனே வேர்த்துவிடும்.

பழைய 55-250 பார்க்கப் போகும்போது ஒரு டார்ச் கொண்டுபோங்கள். இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து சாய்வாக ஒளி பாய்ச்சி, முன்பக்கத்திலிருந்து பாருங்கள். தூசி நாலைந்து இருந்தால் பரவாயில்லை. நரம்பு போலவோ, பனி படர்ந்தது போலவோ தெரிந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். உங்கள் கேமராவில் மாட்டி, 55, 135, 250 மூன்றிலும் ஒரு சுவரையும் ஒரு தூரத்து மரத்தையும் எடுத்து, படத்தின் நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் லென்ஸ் எப்போதோ கீழே விழுந்திருக்கலாம். கடையில் ஆர்எஃப் என்று பெயர் தொடங்கும் லென்ஸைக் கொடுத்தால் வாங்காதீர்கள், உங்கள் கேமராவில் பொருந்தாது. மாறாக, பிறகு நீங்கள் கேனனின் மிரர்லெஸ் ஆர் வரிசைக்கு மாறினால், இப்போது வாங்கும் இந்த லென்ஸ்களை அடாப்டர் போட்டு அங்கேயும் பயன்படுத்தலாம்.

50 மி.மீ. லென்ஸ் கைக்கு வந்ததும் ஒரு வாரம் மற்றதைத் தொடாதீர்கள். ஜூம் இல்லாமல் எடுக்கக் கால் பழக வேண்டும். அரங்கேற்றத்துக்கு முன் மண்டபத்திலேயே விளக்குகளோடு ஒரு ஒத்திகை இருக்கும். அன்று கேமராவோடு போய், ஐந்து மீட்டர் தூரத்தில், நட்டுவாங்கம் செய்பவரின் பார்வையை மறைக்காத பக்கமாக ஓர் இடம் பிடித்து உட்காருங்கள். எஃப் 2.2, 1/250 வைத்து, முதல் உருப்படியான அலாரிப்பு முழுவதும் எடுத்துப் பாருங்கள். முகம் வெளுத்துப்போனால் ஐஎஸ்ஓவைக் குறையுங்கள், கை மங்கினால் 1/400 ஆக்குங்கள். அந்த எண்களை எழுதி வைத்துக்கொண்டால், நிகழ்ச்சியன்று திரை விலகும்போது கேமராவைக் குனிந்து பார்க்காமல் மகளைப் பார்க்கலாம்.